பின்னால யாரு நிக்கா?

இதில் அவருடைய பெயர் வராது. படித்துவிட்டு யாராவது யூகித்து, "இன்னார்தானே?" என்று கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் என்ற அளவுக்குச் சொல்லலாம். இப்போது அவர் அங்கே இல்லை, அதனால் பாதகமில்லை. நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு அண்ணாச்சி இருப்பார்கள், அதை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் பெயரும் வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து நான் ஸ்கூட்டரில் போவேன், அவர் எதிர்த்திசையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். இவ்வளவு போதும்.

அங்கே விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் ஒரு பிரிவு இருந்தது. நான்தான் அதற்குத் தலைவி. வெப்சைட், பேஜ், ரீல்ஸ், இன்பாக்ஸ் எல்லாம் எங்கள் கையில். அண்ணாச்சி தேர்வுப் பிரிவில் கிளார்க்காக இருந்தவர். ஹால் டிக்கெட்டில் உள்ள போட்டோவும் எதிரில் நிற்கும் மாணவனும் ஒரே ஆள்தானா என்று பார்க்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று சொல்லி எங்களிடம் தள்ளிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, முழுக்கைச் சட்டை. மவுஸைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கையையும் பேண்டில் துடைத்துக்கொள்வார். எந்தப் போஸ்டாக இருந்தாலும் "போட்டுரவா மேடம்?" என்று மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவையில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"போட்டுத் தொலைங்க அண்ணாச்சி! அது என்ன வெடிகுண்டா?"

"யாரு யாரு பாப்பாகன்னு தெரியாதுல்ல மேடம்."

மனுஷன் பயந்தாங்கொள்ளி. இதை நான் மறைத்துப் பேசப் போவதில்லை, அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். லிஃப்டுக்குப் பயம், ரிஜிஸ்ட்ராருக்குப் பயம், கேமராவுக்கு எல்லாவற்றையும்விடப் பயம். குரூப் போட்டோ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் முதல் ஆளாகப் போய் கேமராவை வாங்கிக்கொள்வார், எடுக்கிறவன் படத்தில் வர மாட்டான் அல்லவா. அவருடைய சொந்த போனில் முகப்புப் படம் ஒரு காலி நாற்காலி.

ஆனால் போட்டோவைப் பார்க்கிற விதம் என்று ஒன்று இருந்தது அவரிடம். முன்னால் நிற்கிற முகத்தைப் பார்க்கவே மாட்டார். சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு நிற்பார், இவர் படத்தைப் பெரிதாக்கி, நகர்த்தி நகர்த்தி, ஜன்னலோரம், தூணோரம், கடைசி வரிசை என்று மேய்வார். "பின்னால யாரு நிக்கா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் அப்படித்தான் ஒரு கருத்தரங்குப் படத்தில் ஒரு விரிவுரையாளரைக் கண்டுபிடித்தார். சித்தப்பா இறந்துவிட்டார் என்று லீவு போட்ட ஆள், மேடைக்குப் பின்பக்கம் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அண்ணாச்சி சிரிக்கவில்லை, அந்தப் பக்கத்தை அளந்து வெட்டினார். வடை, சித்தப்பா எல்லாம் போய்ச் சேர்ந்தது.

"அவரு வேலை போயிரும்ல மேடம். முன்னால நிக்கவுக தெரிஞ்சுதான் நிக்காக. பின்னால நிக்கவுகளுக்குத் தாம் படத்துல இருக்கோம்னே தெரியாது."

இன்பாக்ஸ் அவர் பொறுப்பு. பல்கலைக்கழகத்தின் பேஜ் என்று பெயர்தான், சனங்கள் அங்கே கேட்காத கேள்வி கிடையாது. "வ. புதுப்பட்டியிலருந்து வார பஸ் உங்க கேட்டுல நிக்குமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அண்ணாச்சியின் பதில்: "நிற்காது ஐயா. முந்தின ஸ்டாப்பில் இறங்கி நடந்து வரவும். நிழல் கிடையாது, குடை கொண்டு வரவும்." இப்படியெல்லாம் பொறுப்பாகப் பதில் எழுதுகிற மனிதர் சில கேள்விகளுக்கு மட்டும் வாயையே திறக்க மாட்டார். அந்தப் பெண் எந்த வருஷம், இந்தப் பையன் எந்த ஊர், ஹாஸ்டல் எந்தப் பக்கம் என்கிற ரகம். பதில் போடாமல், கேட்டவன் பெயரை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்.

அதில்தான் எங்களுக்குள் சண்டை. எல்லாக் கேள்விக்கும் சீக்கிரம் பதில் சொல்கிற பேஜுக்கு மேலேயே ஓர் அடையாளம் காட்டும். இவர் நாலைந்து கேள்வியை அப்படியே விட்டதால் எங்களுக்கு அது போய்விட்டது. அட்மிஷன் நேரம் வேறு. நான் கத்தினேன்.

"விசாரிக்கவங்களுக்குப் பதில் சொல்லத்தான உங்களை உக்கார வச்சிருக்கு?"

"இவுக சீட்டு விசாரிக்கல மேடம். ஆளை விசாரிக்காக."

"ஆமா, உங்க கண்ணுக்கு எல்லாருமே திருடன்தான்."

அவர் நோட்டை மூடி மேஜை டிராயருக்குள் வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊரு?" என்பதுதான். பல்கலைக்கழகம் எவ்வளவு பெரியது என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நம்ம ஊர்ப் பிள்ளை அங்கே படிக்கிறது என்றால் ஊரே பார்க்கும். ஆகவே தினம் ஒரு மாணவர்: முகம், பாடம், ஊர்ப் பெயர். ஊர்ப் பெயர் கொட்டை எழுத்தில். போட்ட அரைமணி நேரத்தில் அந்த ஊர் குரூப்பில் யாராவது ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து பக்கத்து ஊர் குரூப்புக்குப் போகும். தேவதானத்துப் பையன் ஒருவனின் படம் சேத்தூரைச் சுற்றி வந்து எங்கள் அப்பாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. ரிஜிஸ்ட்ரார் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அண்ணாச்சி மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், மூஞ்சி போடுவோம். படிப்பும் போடுவோம். ஊர்ப் பேரு மட்டும் வேண்டாம் மேடம்."

"ஊர்ப் பேருதான் அண்ணாச்சி விஷயமே!"

"அதான் மேடம் பயமா இருக்கு."

போங்க, போய் வேலையைப் பாருங்க என்றேன்.

பிறகு ஒரு நாள் அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். மனைவிக்கு மதுரையில் கண் ஆபரேஷன். போகும்போதுகூட, "நான் வார வரைக்கும் புதுசா போட்டோ போடாதீக மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்பேனா? அன்று மம்சாபுரத்துப் பெண்ணின் முறை. நல்ல களையான பிள்ளை. லைப்ரரியில் நிற்க வைத்து நானே படம் எடுத்து, நானே எழுதி, நானே போட்டேன். ஒரு தடவைகூடப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் பளிச்சென்று இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி வந்தது. "பின்னாடி ரேக் பக்கத்துல மஞ்சள் துப்பட்டா போட்டிருக்கிற பொண்ணும் உங்க ஸ்டூடண்ட்தானா?" கேட்டவனின் முகப்புப் படத்தில் ஒரு காளை மாடு. எனக்கு அந்தப் போய்விட்ட அடையாளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. படத்தைத் திறந்து பார்த்தேன், எனக்கு முகம் தெரிந்த பிள்ளைதான். வந்த கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் அடித்தேன்: "ஆமாம்! எங்கள் எம்.எஸ்சி. கணித மாணவி, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இங்கே சேருங்கள்." கடைசியில் ஒரு சிரிப்பு பொம்மையும் சேர்த்தேன்.

அடுத்த நாள் காலையில் அண்ணாச்சி வேலைக்கு வந்தார். மனைவிக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று, நல்லாத் தெரிகிறதாம் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டேதான் கம்ப்யூட்டரைத் திறந்தார். இன்பாக்ஸைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மேடம், இந்தப் பதிலு யாரு போட்டது?"

"நான்தான். நீங்க இல்லாத ரெண்டு நாளும் பேஜ் எம்புட்டு சுறுசுறுப்பா இருந்துச்சு பாருங்க."

அவர் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

"இந்தக் காளைமாட்டுப் படக்காரன் போன வருசத்திலருந்து நாலு தடவ கேட்டிருக்கான். ஒரு தடவ தங்கச்சியச் சேக்கணும்னான். ஒரு தடவ ஹாஸ்டல் கேட்ட எத்தன மணிக்குப் பூட்டுவீகன்னான். பொறவு ஒரு பேரைச் சொல்லி அப்படி ஒரு புள்ள படிக்காளான்னான். நான் ஒண்ணுக்கும் பதில் சொல்லல மேடம்."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் மேடம். நீங்க சிரிச்சீக."

பிறகு மளமளவென்று சொன்னார். போன வருஷமே அவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் வார்டனிடம் போயிருக்கிறார். வார்டன் கதவைச் சாத்திவிட்டு அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த மஞ்சள் துப்பட்டாப் பெண்ணை அவளுடைய தாய்மாமன் தனக்குத்தான் உரிமை என்று கட்டிக்கொள்ள நின்றிருக்கிறான். அவள் மாட்டேன் என்றிருக்கிறாள். அடித்ததில் இடது கை முறிந்து, அது இன்றைக்கும் முழுதாக மடங்காது. வீட்டை விட்டுத் தப்பித்துப் போனால் உயிரோடு விடமாட்டேன் என்று அவளுடைய அம்மா முன்னாலேயே சொல்லியிருக்கிறான். அவள் கோயம்புத்தூரில் எங்கேயோ மில் வேலைக்குப் போய்விட்டாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்க, பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில், எங்கள் லைப்ரரி ரேக்குக்குப் பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போஸ்டை அழித்தேன். அழித்து என்ன? மம்சாபுரம் குரூப், அதைத் தாண்டிப் பத்துக் குரூப். என் யோசனை அப்படித்தானே வேலை செய்யும்!

அந்த நேரம் பார்த்து மேஜை போன் அடித்தது. வாட்ச்மேன்.

"மேடம், எம்.எஸ்சி. புள்ள ஒண்ணோட தாய்மாமனாம், ரெண்டு பேரா வந்திருக்காக. புள்ளையோட அம்மாவுக்கு மேலுக்கு ரொம்ப முடியலையாம், கையோட கூட்டிட்டுப் போகணும்ங்காக. பேரு கேட்டா, நம்ம பேஜ்ல வந்த போட்டோவக் காட்டுதாக. உள்ள விடவா?"

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அண்ணாச்சி அதை என் கையிலிருந்து வாங்கி, "விடாதீக, நான் வாரேன்" என்று வைத்தார்.

"மேடம், நீங்க ஹாஸ்டலுக்குப் போங்க. உங்க வண்டியிலயே அந்தப் புள்ளையப் பின்கேட்டு வழியாக் கூட்டிட்டுப் போயிருங்க. நான் முன்கேட்டுக்குப் போறேன்."

"நீங்களா? அண்ணாச்சி, அவங்க அடிச்சிருவாங்க!"

"பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா கேட்டவுகளுக்குப் பதில் சொல்லுதது என் வேலைதான?"

உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனார்.

நான் ஹாஸ்டலுக்கு ஓடினேன். வார்டன் அந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து கூப்பிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவள் அழவில்லை, கத்தவில்லை. "எங்க மாமா எந்த கேட்டுல நிக்காரு அக்கா?" என்று மட்டும் கேட்டாள். சர்டிபிகேட் ஃபைல் ஒன்று தயாராகக் கட்டி வைத்திருந்தாள், ஒரு வருஷமாக அப்படியேதான் வைத்திருந்திருக்கிறாள். ஸ்கூட்டரில் என் பின்னால் ஏறி நல்ல கையால் என் இடுப்பைப் பிடித்தாள். அந்தப் பிள்ளையின் உடம்பு நடுங்கிய நடுக்கம் என் முதுகுக்குள் இறங்கியது. பின்கேட்டுக்குப் போகிற பாதை முன்கேட்டுக்கு நேர் எதிரே திரும்பும். அந்தத் திருப்பத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கோயில் குளமெல்லாம் கூப்பிட்டேன். ராஜபாளையத்தில் என் அக்கா வீட்டில் அவளைச் சேர்த்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு மகளிர் காவல் நிலையம் போனோம். தனக்கு வயது வந்துவிட்டது, தன் இஷ்டப்படி போகிறேன் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று எழுத மாட்டேன்.

முன்கேட்டில் நடந்ததை வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். அண்ணாச்சி கேட்டின் சின்னக் கதவுக்குக் குறுக்கே நின்றாராம்.

"அந்தப் புள்ள எங்க புள்ள இல்ல. ஒரு போட்டிக்கு வேற காலேஜ்லருந்து வந்தவ. அன்னைக்கே போயிட்டா" என்றாராம்.

"உங்க பேஜ்ல ஆமாம்னு போட்டிருக்கு. ஹாஸ்டல்ல இருக்கான்னு போட்டிருக்கு."

"அது நான் தப்பாப் போட்ட பதிலு. நான்தான் இன்பாக்ஸ் பாக்கேன். பாக்காமப் போட்டுட்டேன்."

என் பதிலைத் தன் பதில் என்று சொல்லியிருக்கிறார். மாமன்காரன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறான். "எலே, பொய் சொல்லுதியா? உள்ள விடு, நான் பாத்துக்கிடுதேன்." அண்ணாச்சி இரண்டு கையையும் அகல விரித்துக் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். குரல் நடுங்கியதாம், ஆனால் பதில் மாறவில்லையாம். கடைசியில் கூட வந்தவன் போனைத் தூக்கி, "இவன் மூஞ்சியப் புடிச்சு வச்சுக்கிடுவோம்" என்று படம் எடுத்திருக்கிறான். கேமராவைக் கண்டால் ஓடுகிற மனிதர் அசையவில்லை என்று வாட்ச்மேன் ஆச்சரியமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அந்தப் படம் குரூப் குரூப்பாக வந்துவிட்டது. என் போனுக்கும் வந்தது. முகம். கீழே: "எங்கள் வீட்டுப் பெண்ணை ஒளித்து வைத்திருப்பவன். காலேஜ் கிளார்க். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும்." முகம், வேலை, ஊர். நான் கண்டுபிடித்த அதே வரிசை. இரண்டு நாளில் தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு பைக் நிற்க ஆரம்பித்தது. காலையில் அவருடைய மனைவி கோலம் போடக் கதவைத் திறந்தால், பைக்கில் உட்கார்ந்தபடி ஒருவன் பார்த்துக்கொண்டே இருப்பானாம். புகார் கொடுத்தோம். விசாரித்துவிட்டுப் போனார்கள், பைக் எதிர்வரிசையிலிருந்து தெருமுனைக்குத் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வந்தவர் என் மேஜையில் அந்த நோட்டை வைத்தார். நான் அழுதேன்.

"என்னாலதான அண்ணாச்சி? அந்தப் பதிலை நான் போட்டேன்னு எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."

"வேண்டாம் மேடம். இப்ப என்னைத் தேடுதாக. பொறவு உங்களையும் தேடுவாக. அதுல யாருக்கு என்ன லாபம்?" நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அந்தப் புள்ள போய்ச் சேந்துட்டாளா?"

"சேந்துட்டா அண்ணாச்சி. அவ இப்ப…"

"சொல்லாதீக!" என்று கையை உயர்த்தினார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். "எனக்குத் தெரிய வேண்டாம். அடிச்சுக் கேட்டாகன்னா நான் தாங்குவேனான்னு எனக்கே தெரியாது."

அவர் எந்த ஊருக்குப் போனார் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது அந்த வேலை என்னுடையது. ஊர்ப் பெயர் போடுவதில்லை. போட்டோக்களை நானே பெரிதாக்கி, ஜன்னலோரம், தூணோரம் எல்லாம் மேய்கிறேன். புதிதாக வந்தவர்கள் மேடத்துக்குப் பைத்தியம் என்று பேசிக்கொள்வது காதில் விழுகிறது. சிரிக்கட்டும். நோட்டில் நான் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

அவருடைய படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அவர்கள் எடுத்தது. வெகுநாள் அதைத் திறக்கத் தைரியம் வரவில்லை. ஒருநாள் திறந்து, அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். அவர் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் போனேன். விரித்துப் பிடித்திருந்த அவருடைய வலது கைக்குக் கீழே, தூரத்தில், பாதை திரும்புகிற இடத்தில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. ஓட்டுகிற ஆளின் உருவம் அவர் கைக்குப் பின்னால் மறைந்துவிட்டது, அது நான்தான். பின்னால் உட்கார்ந்திருப்பவளின் மஞ்சள் துப்பட்டா மட்டும் நகத்தளவு தெரிகிறது.

எத்தனையோ ஊர் குரூப்பில் சுற்றிய படம் அது. எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். இன்னும் அது யார் யாருடைய போனிலோ இருக்கிறது. யாராவது ஒருவர் பின்னால் பார்த்துவிடக் கூடாதே என்று எனக்குத் தினமும் பயமாக இருக்கிறது.